வாசலில் வசந்தம்

புனே, மகாராட்டிர மாநிலத்தின் பெரிய நகரங்களில் ஒன்று. பழைய ஆட்கள் இதைப் பூனா என்பார்கள். பிழைப்புத் தேடிப் போன தமிழ்க் குடும்பங்கள் அங்கே நிறைய உண்டு. கட்கி, ராஸ்தா பேட்டைப் பக்கம் போனால் தமிழ்ப் பேச்சு காதில் விழும்.

மார்கழி, தை மாதங்களில் புனேயில் நல்ல குளிர் அடிக்கும். மாசியில் குளிர் விலகும். அப்போது அந்த ஊர் மரங்களைப் பார்க்க வேண்டும். புரச மரத்தில் இலை அநேகமாக இருக்காது. கிளை முழுவதும் நெருப்பு நிறத்தில் பூ இருக்கும். இலவ மரமும் அப்படித்தான். கல்யாண முருங்கையும் அப்படித்தான். இலையை உதிர்த்துவிட்டுப் பூப்பதில் மரத்துக்கு லாபம் உண்டு. பூ மறையாமல் தூரத்திலிருந்தே தெரியும். மைனாவும் காக்கையும் தேன் குடிக்க வரும். அவற்றின் தலையில் மகரந்தம் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். காய் பிடிக்கும்.

பங்குனி மாதம் அமாவாசைக்கு மறுநாள் மராட்டியர்களின் புத்தாண்டு பிறக்கிறது. அதன் பெயர் குடீ பாட்வா. அதே நாளில்தான் தெலுங்கரும் கன்னடரும் யுகாதி கொண்டாடுகிறார்கள். அன்று வீட்டு வாசலிலோ சன்னலிலோ ஒரு மூங்கில் கழியை நட்டு வைக்கிறார்கள். கழியின் நுனியில் பளபளப்பான பட்டுத் துணி கட்டுகிறார்கள். வேப்பிலைக் கொத்து, மாவிலை, பூமாலை, சர்க்கரையில் செய்த மாலை எல்லாம் தொங்கும். மேலே ஒரு செம்பைக் கவிழ்த்து வைப்பார்கள். இதுதான் குடீ. வேப்பிலையும் வெல்லமும் சேர்த்து ஆளுக்குக் கொஞ்சம் தின்பார்கள். நம் வீடுகளில் சித்திரை முதல் நாள் வேப்பம்பூப் பச்சடி செய்கிறோம் அல்லவா? அதே கசப்பும் இனிப்பும்தான்.

புத்தாண்டு பிறந்த மூன்றாம் நாள் ஒரு கோலம் தொடங்குகிறது. அதன் பெயர் சைத்ராங்கண். சைத்ர மாதத்து முற்றம் என்று பொருள். அட்சய திருதியை வரை, ஏறக்குறைய ஒரு மாதம், பெண்கள் இதைப் போடுவார்கள். முன்பு சாணம் மெழுகிய முற்றத்தில் துளசி மாடத்தின் அருகே போட்டார்கள். இப்போது முற்றம் உள்ள வீடு குறைவு. ஆகவே வாசற்படி ஓரத்திலும் பலகையிலும் போடுகிறார்கள். வெள்ளைக் கல்லைப் பொடித்த ரங்கோளிப் பொடியால் வரைந்து, அங்கங்கே மஞ்சளும் குங்குமமும் வைக்கிறார்கள்.

நம்முடைய புள்ளிக் கோலத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. புள்ளிக் கோலத்தில் கோடு வளைந்து வளைந்து போகும். சைத்ராங்கணத்தில் ஒவ்வொன்றும் ஒரு பொருள். நடுவில் கௌரி அம்மன் ஊஞ்சலில் இருப்பாள். அவள் மலைமகள், சித்திரையில் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்பது நம்பிக்கை. அவளைச் சுற்றிச் சூரியன், சந்திரன், சங்கு, சக்கரம், தாமரை, ஆமை, பாம்பு, யானை. இவை கோயிலில் பார்ப்பவை. இவற்றோடு சீப்பு, கண்ணாடி, குங்குமச் சிமிழ், துளசி மாடம், மாங்காய் எல்லாம் வரும். சில வீடுகளில் ஐம்பதுக்கு மேல் வரைவார்கள். எழுத்துத் தெரியாத பாட்டியும் இந்தக் கோலத்தைப் பேத்திக்கு வரி வரியாகப் படித்துக் காட்டிவிடுவாள். தெருவில் போகிறவரும் நின்று படிக்கலாம். சித்திரம் என்றால் காசு கொடுத்துப் பார்க்கும் காட்சிக்கூடத்தில்தான் இருக்க வேண்டுமா? ஒரு கைப் பொடி போதும், தெருவே காட்சிக்கூடம் ஆகிறது.

இந்த மாதத்தில் அக்கம்பக்கத்துப் பெண்களை வீட்டுக்கு அழைப்பார்கள். மஞ்சள் குங்குமம் தருவார்கள். ஊறவைத்த கடலைப்பருப்பைக் கொரகொரப்பாக அரைத்து, மாங்காய்த் துருவல் சேர்த்துத் தாளித்துக் கொடுப்பார்கள். வேகவைத்த மாங்காயும் வெல்லமும் கரைத்த பானகம் கொடுப்பார்கள். வெயிலுக்கு அது நல்லது.

ஆனால் இந்த அழைப்பு எல்லாப் பெண்களுக்கும் போகவில்லை. கணவனை இழந்தவளை அழைக்க மாட்டார்கள். கோலம் எல்லோருக்கும் தெரியும்படிதான் இருந்தது. வாசல்தான் எல்லோருக்கும் திறக்கவில்லை. இது இன்று மாறி வருகிறது. 2022 மே மாதம் கோலாப்பூர் மாவட்டத்தில் ஹேர்வாட் என்ற கிராமம் ஒரு தீர்மானம் போட்டது. கணவன் இறந்தால் பொட்டை அழிப்பது, வளையலை உடைப்பது, தாலியை அறுப்பது ஆகியவற்றை இனிச் செய்யக் கூடாது என்றது. மற்ற ஊர்களும் இப்படிச் செய்யட்டும் என்று மாநில அரசு கேட்டுக்கொண்டது.

வாசலைத் திறக்கும் வேலை புனேயில் அதற்கும் முன்பே தொடங்கியது. பூ விற்ற ஒரு குடும்பத்தில் பிறந்தவர் அதைச் செய்தார். அவர் பெயர் சோதிராவ் புலே. பிறந்தது 1827இல். அவருடைய முன்னோர்கள் பேஷ்வா அரண்மனைக்குப் பூக்கட்டிக் கொடுத்தார்கள். மராட்டியில் 'பூல்' என்றால் பூ. அதனால்தான் அந்தக் குடும்பத்துக்குப் 'புலே' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

சோதிராவின் மனைவி சாவித்ரிபாய். மணமாகி வந்தபோது அவருக்கு எழுத்துத் தெரியாது. கணவரிடம் படித்தார். 1848இல் இருவரும் புனேயில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். சாவித்ரிபாய் அங்கே ஆசிரியை ஆனார். தெருவில் போகும்போது அவர்மீது சேற்றையும் சாணத்தையும் வீசினார்கள். அவர் மாற்றுப் புடவை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போனார் என்று சொல்வார்கள். 1854இல் அவருடைய கவிதைப் புத்தகம் வெளிவந்தது. எதைப்பற்றிப் பாடினார் தெரியுமா? படிப்பைப்பற்றிப் பாடினார். மஞ்சள் செண்பகத்தையும் சாதிமல்லியையும் ரோஜாவையும் பாடினார். 1855இல் கணவனும் மனைவியும் இரவுப் பள்ளி நடத்தினார்கள். பகலில் உழைத்த கூலிக்காரர்களும் உழவர்களும் இரவில் வந்து படித்தார்கள். 1868இல் சோதிராவ் தன் வீட்டுக் கிணற்றை, தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்குத் திறந்துவிட்டார்.

இன்னொரு செய்தியும் உண்டு. 1880இல் ஆங்கில அரசின் வைசிராய் லிட்டன் புனேக்கு வந்தார். அவரை வரவேற்கப் புனே நகராட்சி ஆயிரம் ரூபாய் செலவு செய்ய நினைத்தது. சோதிராவ் அப்போது நகராட்சி உறுப்பினர். அந்தப் பணம் ஏழைகளின் படிப்புக்குப் போகட்டும் என்றார். மற்ற உறுப்பினர்கள் எல்லோரும் ஒரு பக்கம். அவர் மட்டும் தனியாக எதிர்த்தார். பூக்கார வீட்டுப் பிள்ளைக்கு அலங்காரம் பிடிக்காமல் போகுமா? யாருக்காக, யார் பணத்தில் என்பதுதான் அவர் கேள்வி.

இன்று புனேயில் எல்லோரும் போகக்கூடிய தோட்டங்கள் உண்டு. பர்வதி குன்றின் அடியில் சாரஸ் பாக் இருக்கிறது. பேஷ்வா காலத்தில் அது ஏரி. நடுவில் ஒரு தீவு. 1784இல் அங்கே பிள்ளையாரை வைத்தார்கள். பிறகு ஏரி தூர்ந்து புல்வெளி ஆனது. பிள்ளையார் அங்கேயே இருக்கிறார். மாலையில் குழந்தைகளோடு குடும்பங்கள் அங்கே வந்து உட்காருகின்றன. சிங்ககட் சாலையில் ஜப்பானிய முறையில் அமைத்த தோட்டம் ஒன்று இருக்கிறது. எழுத்தாளர் பு.ல. தேஷ்பாண்டேயின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். எம்பிரஸ் தோட்டத்தில் சனவரி மாதம் பூக்கண்காட்சி நடக்கும்.

வீட்டில் இடம் இல்லாதவர்கள் என்ன செய்வது? ஓர் அறை, ஒரு வாசற்படி. அங்கேயும் ஒரு செடி வளர்க்கலாம். ஓட்டை வாளி, பழைய எண்ணெய் டின், உடைந்த பானை எதுவானாலும் சரி. பூச்சிமருந்து வந்த டப்பா மட்டும் வேண்டாம். அடியில் மூன்று நான்கு துளை போடுங்கள். துளைமேல் ஓட்டுச் சில்லை வையுங்கள். தண்ணீர் வடியும், மண் போகாது. இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மட்கிய எரு கலந்து நிரப்புங்கள். காய்ந்த இலையும் காய்கறித் தோலும் சேர்த்து மூடி வைத்தால் சில மாதத்தில் எரு ஆகிவிடும். இலையைக் கூட்டித் தீ வைத்தால் புகைதான் மிஞ்சும்.

மாசியில் தண்டுக்கீரை விதைத்தால் ஒரு மாதத்தில் பறிக்கலாம். வெண்டை ஏறக்குறைய ஐம்பது நாளில் காய்க்கும். துளசி ஒரு தொட்டியில் இருக்கட்டும். புனேயில் சித்திரை வெயில் கடுமையானது. காலையில் தண்ணீர் ஊற்றுங்கள். உச்சி வெயிலில் பழைய சாக்கை மேலே கட்டுங்கள். குழாயில் தண்ணீர் வராத நாளில் அரிசி கழுவிய நீரை ஊற்றலாம். சோப்பு நீர் ஆகாது. தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் தண்ணீர் தேங்கினால் கொசு முட்டையிடும். ஒரு வாரத்தில் அது கொசுவாகிப் பறந்துவிடும். டெங்கு காய்ச்சல் அப்படித்தான் பரவுகிறது. ஆகவே தட்டை வாரம் ஒருமுறையாவது கவிழ்த்துத் தேய்த்துவிடுங்கள்.

மண்தொட்டிக்குக் காவி பூசலாம். காய்ந்த பிறகு அரிசி மாவைக் கரைத்து, குச்சியால் மாடு, மரம், ஆடும் மனிதர் என்று வரையலாம். மகாராட்டிரத்தின் வார்லி பழங்குடிப் பெண்கள் திருமணம் வந்தால் வீட்டுச் சுவரில் இப்படித்தான் வரைகிறார்கள். வட்டம், முக்கோணம், கோடு மூன்றும் வந்தால் போதும்.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் தினமும் கையில் எடுக்கும் ஐந்து பொருள்களை வாசலில் கோலமாகப் போடுங்கள். ஒவ்வொன்றின் கீழும் அதன் பெயரை எழுதுங்கள்.

பேசிப் பாருங்கள்

ஆயிரம் ரூபாய் செலவை சோதிராவ் ஏன் எதிர்த்தார்? உங்கள் தெருவில் எந்த வீட்டு விசேடத்துக்கு யாரை அழைப்பதில்லை?