மார்கழியில் போய்ப் பார்

ஸ்ரீரங்கம்

அன்புள்ள பாப்பா,

உன் கடிதம் கிடைத்தது. வேலைக்குப் போய் உட்கார்ந்த சூடு ஆறவில்லை, அதற்குள் இவளுக்கு ஏன் இந்த ஆராய்ச்சி என்று உன் அப்பா போனில் புலம்பினான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நகரமைப்பு ஆய்வாளர் நாற்காலியில் உட்கார்ந்த புதிதில் இந்தக் கேள்வி வராவிட்டால் பிறகு வரவே வராது. பக்கத்து மேசைக்காரர் உனக்குச் சொன்ன முதல் பாடம்: "கண்டும் காணாம இருந்துக்கம்மா. எல்லாம் நம்ம ஊர் ஜனங்கதானே, பொழச்சுப் போகட்டும்." அவர் கைநீட்டுகிறவர் இல்லை, ஏழைகளுக்கு இரங்குகிறவர், சாப்பாட்டைப் பங்கிட்டுத் தருகிறவர் என்றும் எழுதியிருக்கிறாய். உன் குழப்பமே அதுதான். விதிப்படி நடந்தால் ஈவிரக்கம் இல்லாதவள் என்று பேர் வருமோ என்று கேட்கிறாய்.

அவருடைய இரக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. அந்த இரக்கத்துக்கு விலை கொடுப்பது யார் என்றுதான் கேட்கிறேன்.

என் பிழைப்பு உனக்குத் தெரியும். பெல் ஆலையில் பாய்லர் குழாய்களின் வெல்டிங்கைப் பரிசோதிக்கிற வேலை. காலை ஷிப்டுக்கு வருகிறவர்களைக் கேட் அருகே பார்க்க வேண்டும். ஹெல்மெட் தலையில் இருக்கும், வண்டி மெதுவாகப் போகும், நிற்க வேண்டிய கோட்டில் நிற்கும். அதே மனுஷன் சாயங்காலம் கேட்டைத் தாண்டித் துவாக்குடி சாலைக்கு வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் கவிழ்ப்பான், யூ டர்ன் வரை போகச் சோம்பல்பட்டு ராங் சைடில் வண்டியை விடுவான். அவனுக்கு இரண்டு குணம் இருக்கிறதா? உள்ளே தினமும் கேட்பார்கள், எல்லோரையும் கேட்பார்கள், மேலதிகாரியின் காரையும் நிறுத்துவார்கள். வெளியே எப்போது கேட்பார்கள், யாரைக் கேட்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தச் சாலையில்தான் 2018 மார்ச் 7ஆம் தேதி ஒரு சாவு நடந்தது. தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயம் என்று 2015 ஜூலை 1 முதல் உத்தரவு இருந்தது. ஏறக்குறைய மூன்று வருஷம் பாதிப் பேர் போடாமல்தான் போய்க்கொண்டிருந்தோம். அன்றைக்கு ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன ஒரு தம்பதியின் பைக்கைப் போக்குவரத்து ஆய்வாளர் ஒருவர் துரத்திப் போய்க் காலால் உதைத்தார் என்பது வழக்கு. பின்னால் உட்கார்ந்திருந்த பெண் கீழே விழுந்து செத்துப்போனாள். மறுநாள் மகளிர் தினம். ஆயிரக்கணக்கான ஜனங்கள் தஞ்சாவூர் சாலையை மறித்தார்கள், ஆய்வாளர் கைதானார். போலீஸின் கொடுமை என்று ஊரே பேசியது, சரிதான். எனக்கு இன்னொன்றும் உறைத்தது. எல்லோரும் தப்புச் செய்கிற சாலையில், யாரைப் பிடிப்பது யாரை விடுவது என்பது அங்கே நிற்கிற போலீஸ்காரரின் கைக்கு வந்துவிடுகிறது. பல மாதம் தூங்கிய விதி ஒருநாள் எழுந்தால் யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது. தெரிந்தவன் மேலும் வசதியானவன் மேலும் விழாது என்று மட்டும் சொல்லலாம். உன் பக்கத்து மேசைக்காரர் இரக்கம் என்று சொல்வது இந்தத் தூக்கத்தைத்தான்.

இனி உன் துறைக்கு வருகிறேன்.

1997 ஜூன் 7, தஞ்சைப் பெரிய கோயில் கும்பாபிஷேகம். யாகசாலைப் பந்தலில் தீ, நாற்பதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மனநலம் குன்றியவர்களைச் சங்கிலியில் கட்டிவைத்திருந்த கொட்டகை எரிந்தது. கட்டை அவிழ்க்க ஆளில்லாமல் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் அங்கேயே கருகினார்கள். 2004 ஜனவரி 23, நம் ஸ்ரீரங்கம். அதே வருஷம் ஜூலை 16, கும்பகோணம், 94 குழந்தைகள். நாலு இடத்திலும் எரிந்தது பந்தலோ கொட்டகையோ கூரையோதான்.

ஸ்ரீரங்கத்து விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். உனக்கு அப்போது விவரம் தெரியாத வயசு. தை மாத முகூர்த்தம். பத்மப்ரியா திருமண மண்டபத்தின் மாடியில் கீற்றுப் பந்தல் போட்டு அங்கே கல்யாணம். வீடியோ எடுக்கிற விளக்குக்குப் போன மின்சாரத்தில் பொறி கிளம்பிக் கீற்றில் பற்றியது. காய்ந்த கீற்று எரிய எத்தனை நிமிஷம் வேண்டும்? பட்டுப்புடவை, நெருக்கியடித்த கூட்டம், இறங்கக் குறுகிய படிக்கட்டு. மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். மணமகள் பிழைத்தாள். உள்ளூரில் ஒவ்வொரு தெருவுக்கும் தெரிந்தவர் யாராவது அதில் இருந்தார்கள். இன்றைக்கும் மாடியில் பந்தல் என்றால் இங்கே சில பெரியவர்கள் பத்திரிகையைத் திருப்பிப் பார்த்து இடத்தை விசாரித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

கும்பகோணம் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குள். ஸ்ரீரங்கம் எரிந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அத்தனை பத்திரிகையிலும் படம் வந்த தீ அது. மண்டபத்தில் கீற்று ஆபத்து என்று தெரிந்துகொண்ட ஊருக்குப் பள்ளிக்கூடத்தில் கீற்று ஆபத்து என்று தோன்றவில்லை. சத்துணவு அடுப்பில் கிளம்பிய தீ கூரையைப் பிடித்தது. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்தன. நாம் எப்போதும் போன விபத்துக்குத்தான் விதியை அமல்படுத்துகிறோம். ஏர்வாடி எரிந்த பிறகு காப்பகங்களை மூடினார்கள், கும்பகோணம் எரிந்த பிறகு பள்ளிக் கூரைகளைப் பிரித்தார்கள். அடுத்தது எங்கே என்று கேட்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

கும்பகோணம் வழக்கு பத்து வருஷம் நடந்தது. 2014 ஜூலை 30இல் தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளி என்றது, பதினோரு பேரை விடுவித்தது. பள்ளி நிறுவனருக்கு ஆயுள் தண்டனை. 2017இல் உயர் நீதிமன்றம் அதை, அதுவரை சிறையில் இருந்த காலமே போதும் என்று குறைத்தது. சட்ட நுணுக்கம் எனக்குத் தெரியாது, குறை சொல்லவும் வரவில்லை. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர்களில் பள்ளி நடத்தியவர்கள் மட்டும் இல்லை. கோப்பு தம் மேசையைக் கடந்துபோன அரசு அலுவலர்களும் கூண்டில் நின்றார்கள். உன் மேசையைப் போன்ற மேசைகள்தான்.

இது நம் ஜனங்களுக்கு மட்டும் வாய்த்த வியாதி என்று எண்ணிக்கொள்ளாதே. தாய்லாந்தின் பாங்காக்கில், 2009 புத்தாண்டு இரவு சாந்திகா என்ற கேளிக்கை விடுதி எரிந்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2022 ஆகஸ்டில் சொன்புரி மாகாணத்தில் இன்னொரு விடுதி. உணவகம் என்று அனுமதி வாங்கிவிட்டு இரவுக் கூத்து நடத்திய இடம். சுவரிலும் கூரையிலும் சத்தத்தை உறிஞ்ச ஒட்டிய பஞ்சு எரிந்தது. நமக்குக் கீற்று, அவர்களுக்கு அந்தப் பஞ்சு. தாய்லாந்திலும் சட்டம் இருக்கிறது, சிரித்த முகத்தோடு "பரவாயில்லை" என்று சொல்கிற அதிகாரிகளும் இருக்கிறார்கள்.

தீ மட்டும் இல்லை. மணப்பாறைக்குப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தையை நீ டிவியில் பார்த்து அழுதாய். 2019 தீபாவளிக்கு இரண்டு நாள் முந்தி விழுந்தது, 29ஆம் தேதி உடலாகத்தான் எடுத்தார்கள். கைவிட்ட கிணற்றை மண் நிரப்பி மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே சொல்லியிருந்தது. அந்த வாரம் தமிழ்நாடு முழுக்க ஓடி ஓடிக் குழி மூடினார்கள். மூட எவ்வளவு செலவு? ஒரு மாட்டுவண்டி மண்.

சரி, ஏழைக்கு இரங்குவது என்ன ஆயிற்று என்று கேட்பாய். மலைக்கோட்டை அடிவாரத்துக்குப் போய்ப் பார். என்.எஸ்.பி. ரோட்டில் தரைக்கடை போட்டிருப்பவர்களைக் கண்டும் காணாமல் விடுவதுதான் வழக்கம். பிறகு ஒருநாள் லாரி வரும், தட்டியும் பலகையும் ஏறும். எங்கள் ஸ்ரீரங்கத்திலும் வைகுண்ட ஏகாதசி நெருங்கினால் ஆக்கிரமிப்பு அகற்றம், ராப்பத்து முடிந்தால் எல்லாம் பழையபடி. இடையில் அந்தக் கடைக்காரர் யார் யாருக்கு என்னென்ன கொடுத்துப் பிழைக்கிறார் என்று அவரைத்தான் கேட்க வேண்டும். 2014இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் அவருக்கு அடையாள அட்டை கொடு, இடம் ஒதுக்கு, குழு வைத்து முடிவெடு என்கிறது. அட்டை இருந்தால் அவர் நிமிர்ந்து நிற்கலாம். கண்டுகொள்ளாமை இருந்தால் தினமும் கும்பிட வேண்டும். விதியைத் தளர்த்துகிற தயவில் ஏழைக்குக் கிடைப்பது இன்றைய ஒருநாள் பிழைப்பு. அவரை நாளைக்கும் தன் கையில் வைத்துக்கொள்கிற அதிகாரம் வேறொருவருக்குக் கிடைக்கிறது.

பெரியவர்களுக்கு அந்தக் கஷ்டம்கூட இல்லை, வரன்முறை இருக்கிறது. 1999 பிப்ரவரி வரை அனுமதியில்லாமல் கட்டியவற்றைக் கட்டணம் வாங்கிச் சரிசெய்கிறோம், இந்த ஒரு தடவைதான் என்றார்கள். பிறகு கெடுவை நீட்டினார்கள், மறுபடியும் நீட்டினார்கள். 2006இல் உயர் நீதிமன்றம் நீட்டிப்புகளை ரத்துசெய்தது. அப்புறம் 2007 ஜூலைக்கு முந்தியவற்றுக்கு இன்னொரு பிரிவு, 2016 அக்டோபருக்கு முந்திய மனைகளுக்கு இன்னொரு திட்டம். ஒழுங்காகப் பிளான் போட்டு, பக்கவாட்டில் இடம் விட்டு, ஒரு அறையைக் குறைத்துக் கட்டியவன்தான் இதில் ஏமாளி. அவன் உன் அலுவலகத்துக்கு வந்து சண்டை போடமாட்டான். அடுத்த வீட்டை வேறு விதமாகக் கட்டுவான்.

இனி நீ செய்யக்கூடியது. கட்டி முடித்துப் பால் காய்ச்சிய வீட்டை இடிக்கப் போகாதே, அது உன்னால் முடியாது, முடிந்தாலும் பாவம். கடைக்கால் தோண்டுகிறபோது போ. டேப்பைப் பிடித்து அளந்து, பக்கவாட்டில் இரண்டடி குறைகிறது என்று அப்போது சொன்னால் கொத்தனாரே கயிற்றை நகர்த்திக் கட்டிவிடுவார். நாலு மாதம் கழித்து அதே இரண்டடிக்குக் கவுன்சிலர், வட்டச் செயலாளர், உன் அப்பாவின் பழைய நண்பர் எல்லோரும் போன் செய்வார்கள். போன் வந்தால் மரியாதையாகப் பேசு. "சரிங்கண்ணே, எழுதிக் கொடுத்துடுங்க, கோப்புல வச்சிடறேன்" என்று சொல். பெரும்பாலும் எழுதித் தரமாட்டார்கள். மேலதிகாரி வாயால் சொன்னதையும், இன்ன தேதியில் இப்படிச் சொன்னார் என்று குறிப்புத் தாளில் எழுதிவிடு. கோபப்படுவார். ஆனால் அடுத்த தடவை வாயைத் திறக்குமுன் யோசிப்பார்.

எங்கள் ஆலையில் வெல்டர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. இணைப்பு போட்ட இடத்துக்குப் பக்கத்தில் அந்த எண்ணைப் பொறிக்க வேண்டும். குழாய் எந்த ஊர் அனல் மின் நிலையத்துக்குப் போனாலும் எண் கூடவே போகும். எண் இருந்ததால்தான் அவர்கள் நல்ல வெல்டர்கள் என்று சொல்லமாட்டேன். நல்லவரோ சுமாரானவரோ, அந்த எண்ணுக்கு முன்னால் எல்லோரும் கொஞ்சம் நிதானித்தார்கள். உன் கையெழுத்துக்குக் கீழே பேரும் தேதியும் படிக்கிற மாதிரி இருக்கட்டும். கிறுக்கிக் கையெழுத்துப் போடுகிற வழக்கத்தைப் பழகிக்கொள்ளாதே.

கடைசியாகக் கல்யாண மண்டபங்கள். உன் எல்லைக்குள் இருப்பவற்றுக்கு ஒரு பட்டியல் எடு. பொதுக் கட்டட உரிமம் 1965ஆம் வருஷச் சட்டப்படி தாசில்தார் தருவது, தீ சம்பந்தப்பட்ட சான்று தீயணைப்புத் துறை தருவது, மின்சாரம் இன்னொரு துறை, கட்டடம் உன்னுடையது. நாலு பேரும் மற்ற மூவரைக் கைகாட்டுவார்கள். நீ உன் பங்கை முடித்து மற்ற மூவருக்கும் ஒரு நகல் அனுப்பிவிடு. பிளானில் இல்லாத ஷெட் மாடியில் இருக்கிறதா, இரண்டாவது படிக்கட்டு உண்மையில் இருக்கிறதா, இருந்தால் அதில் நாற்காலி அடுக்கிப் பூட்டியிருக்கிறார்களா என்று ஏறிப் பார்.

போவதை மார்கழியில் வைத்துக்கொள். முகூர்த்தம் கிடையாது, மண்டபம் காலியாக இருக்கும். முதலாளிக்கு ஆற அமரப் பேச நேரம் இருக்கும், ஷெட்டைப் பிரிக்க ஆளும் கிடைக்கும். தையில் போனால் நோட்டீஸ் கையில் இருந்தாலும், ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்த வந்தவள் என்றுதான் உன்னைப் பார்ப்பார்கள்.

அன்புடன்,
பெரியப்பா