எடை மேடைக் கணினிக்கு ஒரு திறந்த பயாஸ்

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் என்று லாரி ஓடும் சாலைகளில் எடை மேடைகளுக்குக் குறைவில்லை. மேடையை ஒட்டிய அறைகளில் இருக்கும் கணினிகளில் பலவும் பத்துப் பதினைந்து வருடத்துப் பழைய போர்டுகள். செலவுக்குப் பயந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். மேடைக்கு அடியில் உள்ள லோடு செல் தரும் எடையைக் காட்டும் இண்டிகேட்டர் பெட்டி, ஒன்பது ஊசி சீரியல் போர்ட் வழியாகத்தான் கணினியோடு பேசும். புதுப் போர்டுகளின் பின்பக்கத்தில் அந்தப் போர்ட் வருவது அரிதாகிவிட்டது. யுஎஸ்பி மாற்றி போட்டால் காம் எண் மாறிப்போய், சீட்டு அடிக்கும் மென்பொருள் எடையைத் தேடிக்கொண்டு நிற்கும். வெளியே லாரிகளும் நிற்கும். அதனால் போர்டு ஓடும்வரை யாரும் கை வைப்பதில்லை.

இந்த வட்டாரத்தில் போர்டு சர்வீஸ் பார்ப்பவன் நான். ‘டிஸ்ப்ளே வரல’ என்று வரும் பழைய போர்டுகளில் சிலவற்றில் பாகங்கள் எல்லாம் நன்றாகவே இருக்கும். பயாஸ் சிப்பில் எழுதியிருப்பதுதான் கெட்டிருக்கும். அந்தப் போர்டுகளுக்குத் தயாரிப்பாளர்கள் புதுப்பிப்பு தருவதை நிறுத்திப் பல வருடமாகிவிட்டது. அப்படித்தான், அந்தப் பயாஸுக்குப் பதிலாக எழுதக்கூடிய திறந்த நிரலான கோர்பூட்டைக் கட்டக் கற்றுக்கொண்டேன். 1999இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ரான் மின்னிச் ‘லினக்ஸ்பயாஸ்’ என்று தொடங்கிய திட்டம் அது. 2008இல் கோர்பூட் ஆனது. இன்றைய குரோம்புக்குகள் அதில்தான் எழுகின்றன. சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸை நம்மூர் அரசு அலுவலகங்களில் பார்க்கிறோம். மேலே ஓடும் இயங்குதளம் திறந்தது, கீழே இருக்கும் பயாஸ் பூட்டியது என்ற நிலை எனக்கு உண்மையாகவே உறுத்தலாக இருக்கிறது.

பவர் பட்டனை அழுத்தியதும் பிராசஸர் முதலில் படிப்பது போர்டில் உள்ள எட்டுக் கால் சிப்பை. அந்த நேரத்தில் ரேம் வேலை செய்யாது. பிராசஸருக்குள் இருக்கும் கேஷையே தற்காலிக ரேமாக வைத்துக்கொண்டு கோர்பூட் ஓடத் தொடங்குகிறது. ரேமை எழுப்பி, மற்ற பாகங்களை வரிசையாகத் தயார்செய்து, ‘பேலோடு’ என்ற இன்னொரு நிரலிடம் கணினியை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. இதில் ரேமை எழுப்பும் கட்டம்தான் ஆளைச் சோதிக்கும்.

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, கிகாபைட் ஜி41எம்-இஎஸ்2எல் போன்ற ஒரு போர்டைத் தேடிப்பிடியுங்கள் என்பதுதான். டிடிஆர்2 காலத்தது. ஐசிஎச்7 சிப்செட் என்பதால் இன்டெலின் மேனேஜ்மென்ட் எஞ்சின் தொல்லை இல்லை. அதற்குப் பின் வந்த எச்61 போர்டுகளில் அந்த எஞ்சினுக்கான மென்பொருளை முழுக்க அழித்துவிட்டால், கணினி அரை மணி நேரத்தில் தானாக அணைந்துவிடும். ‘மீ கிளீனர்’ என்ற கருவியால் அதைத் தேவையான அளவுக்குச் சுருக்கி வைக்கத்தான் முடியும். பழகும்போதே அந்தச் சிக்கல் எதற்கு?

போர்டின் பெயரை ரிவிஷன் எண்ணோடு போர்டிலேயே படியுங்கள். பெட்டியையும் பில்லையும் நம்ப வேண்டாம். ஒரே பெயரில் ரேம் வகையும் சூப்பர் ஐஓ சிப்பும் மாறி வந்த போர்டுகள் உண்டு. பிறகு கோர்பூட்டின் ‘போர்டு ஸ்டேட்டஸ்’ பதிவுகளைப் பாருங்கள். எந்தப் பதிப்பு எந்தப் போர்டில் ஓடியது என்று யாராவது சோதித்துப் பதிந்திருப்பார்கள். புதியதையே எடுக்க வேண்டும் என்ற ஆசையை விட்டு, சோதித்த பதிப்பிலிருந்து தொடங்கினால் பாதித் தலைவலி குறையும்.

எழுதுவதற்கு முன், இருப்பதைப் படித்து எடுத்து வையுங்கள். என் கணக்கில் இந்த வேலையின் பெரும்பகுதி இதுதான். எஸ்எம்பிஎஸ் கேபிளைக் கழற்றி, சிமாஸ் பேட்டரியையும் எடுத்துவிட்டு, சிப்பின் மூலையில் உள்ள புள்ளியைப் பார்த்து, சிப்பைப் படித்து எழுதும் புரோகிராமரின் கிளிப்பை அதன் சிவப்பு வயர் அந்தப் பக்கம் வரும்படி மாட்ட வேண்டும். கிளிப்பின் பற்கள் காலில் சரியாக உட்காராவிட்டால் ஃபிளாஷ்ராம் மென்பொருள் சிப்பையே அடையாளம் காணாது. பாதி உட்கார்ந்தால் படிக்கும், ஆனால் தப்பாகப் படிக்கும். அதனால் கிளிப்பைக் கழற்றிக் கழற்றி மாட்டி மூன்று முறை படித்து, மூன்றின் ஷா-256 மதிப்பும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். அதோடு நிறுத்தவும் கூடாது. கோப்பு முழுக்க எஃப்எஃப் ஆக இருந்தாலும் மூன்று மதிப்புகளும் பொருந்தத்தான் செய்யும். ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து, உள்ளே போர்டின் பெயர் எழுத்தாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் அதை அசல் டம்ப் என்று ஒத்துக்கொள்ள வேண்டும்.

சேலத்தில் எந்த சர்வீஸ் மேசையிலும் இருக்கும் கறுப்பு நிற சிஎச்341ஏ புரோகிராமரை மல்டிமீட்டர் வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்தாலும், டேட்டா கம்பிகளில் 5 வோல்ட் விடும் பலகைகள் அவற்றில் உண்டு. ராஸ்பெரி பை கையில் இருந்தால் அதன் ஊசிகள் 3.3 வோல்ட்தான், நான் அதையே விரும்புகிறேன். புதிய மடிக்கணினிகளில் 1.8 வோல்ட் சிப்பும் வரும். வின்பாண்டு சிப்பில் ‘64எஃப்வி’ என்றால் 3.3, ‘64எஃப்டபிள்யூ’ என்றால் 1.8. கடைசி ஒரு எழுத்தைப் பார்க்காமல் மாட்டினால் சிப் போய்விடும்.

வேறொருவர் போர்டிலிருந்து எடுத்த ‘பின்’ (.bin) ஃபைலை வாங்கி எழுதும் பழக்கம் நம்மிடையே நிறைய. அதோடு அந்தப் போர்டின் சீரியல் எண்ணும், சிலவற்றில் நெட்வொர்க் மேக் முகவரியும் விண்டோஸ் சாவியும் சேர்ந்து வந்துவிடும். சொந்த டம்ப் இருப்பவருக்கு இந்த வம்பு இல்லை.

கட்டுவதற்குப் பெரிய கணினி வேண்டாம், ஐ3 போதும். கோர்பூட் தனக்கான கம்பைலரைத் தானே கட்டிக்கொள்ளும். அதற்கு முன் டெபியனில் ‘நாட்’ என்ற ஏடா மொழிக் கம்பைலரை நிறுவிவிடுங்கள். இன்டெல் கிராபிக்ஸை எழுப்பும் லிப்ஜிஎஃப்எக்ஸ்இனிட் ஏடாவில் எழுதப்பட்டது. நாட் இல்லையென்றால் அதைக் கட்ட முடியாது. அதை விட்டுவிட்டுக் கட்டினால், போர்டு நன்றாக எழுந்தும் திரை இருட்டாக இருக்கும், நீங்கள் ரேமைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள். பிராசஸருக்கான மைக்ரோகோடைச் சேர்க்காமல் கட்டுவது கொள்கையாகச் சிலருக்குப் பிடிக்கும். இரவும் பகலும் ஓடும் கணினிக்கு அது வேண்டாம் என்பது என் தீர்ப்பு.

இனி ரேம். ஜி41 போர்டுகளில் கோர்பூட்டின் ரேம் எழுப்பும் பகுதி எல்லா டிடிஆர்2 ஸ்டிக்கோடும் ஒத்துப்போகாது. பழைய பயாஸில் இரண்டு கம்பெனி ரேம் ஒன்றாக ஓடியிருக்கும், இதில் ஓடாது. ஒரே ஒரு ஸ்டிக்கோடு தொடங்கி, அது எழுந்த பிறகு மற்றதைச் சேருங்கள். என்ன நடக்கிறது என்று தெரிய சீரியல் போர்ட் கைகொடுக்கும். நல் மோடம் கேபிளை மடிக்கணினியோடு இணைத்து, 115200 வேகத்தில் திறந்து வைத்தால், கோர்பூட் ஒவ்வொரு அடியையும் வரி வரியாகச் சொல்லிக்கொண்டே போகும். ஸ்டிக்கின் அளவைப் படித்த வரி வந்து, அடுத்த வரி வராமல் கர்சர் மட்டும் மின்னினால், கோளாறு எங்கே என்று ஊகிக்கவே வேண்டாம். இண்டிகேட்டருக்குப் போகும் கேபிளின் உள் இணைப்பு நல் மோடம் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. தனிக் கேபிள் வைத்துக்கொள்ளுங்கள். சீரியல் போர்ட்டே இல்லாத பலகையில் ‘ஃபிளாஷ் கன்சோல்’ தேர்வைப் போட்டால் பதிவுகள் அதே பயாஸ் சிப்பிலேயே எழுதப்படும். சிப்பைத் திரும்பப் படித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சோதனை முடிந்ததும் சீரியல் கன்சோலை நிறுத்தி மறுபடி கட்டிய பின்தான் எடை மேடைக்கு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் அந்தப் பதிவுகள் எல்லாம் இண்டிகேட்டர் பெட்டிக்குப் போய்க்கொண்டிருக்கும். பேலோடு விஷயத்தில் வன்வட்டு எப்படிப் பிரிக்கப்பட்டது என்று முதலில் பாருங்கள். எம்பிஆர் என்றால் ‘சீபயாஸ்’ என்ற பேலோடு போதும். லினக்ஸ் ஓட்ட இதில் ஒரு தடையும் இல்லை. விண்டோஸ் 7 வேண்டுமென்றால் அசல் விஜிஏ பயாஸைச் சேர்க்க வேண்டியிருக்கும். 2025 அக்டோபரோடு விண்டோஸ் 10க்கான ஆதரவும் முடிந்துவிட்டதால், சீட்டு அடிக்க மட்டும் பயன்படும் கணினியை லினக்ஸுக்கே மாற்றச் சொல்கிறேன்.

ஜி41எம்-இஎஸ்2எல் போர்டில் 1 எம்பி பயாஸ் சிப்புகள் இரண்டு உண்டு, ஒன்று காப்பு. ஒன்றில் மட்டும் எழுதிவிட்டால், காப்பில் உள்ள பழைய பயாஸ் திரும்ப வந்து உட்கார வாய்ப்புண்டு. ஃபிளாஷ்ராமில் இரண்டையும் தனித்தனியே தேர்ந்தெடுத்து எழுதலாம். போர்டிலிருந்தே எழுதும்போது யுபிஎஸ் கட்டாயம். நம் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. மேக் முகவரியையும் முன்பே குறித்து வையுங்கள். கோர்பூட் போட்டதும் இதன் ரியல்டெக் நெட்வொர்க் பொதுவான ஒரு முகவரியோடு எழும். ஒரே அலுவலகத்தில் அப்படி இரண்டு போர்டு இருந்தால் இரண்டுக்கும் நெட்வொர்க் விட்டு விட்டு வரும். பழைய முகவரியைச் சிறு கோப்பாக சிபிஎஃப்எஸ் டூல் கொண்டு கோர்பூட் கோப்புக்குள் சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

“ஏனுங்க தம்பி, இதை மாத்துனா எடை சரியா வருமுங்களா?” என்று ஒரு எடை மேடைக்காரர் கேட்டார். நியாயமான கவலை.

“எடைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்கண்ணா. முத்திரை போட்ட இண்டிகேட்டர் சொல்றதைத்தான் கம்ப்யூட்டர் சீட்டுல அடிக்குது. சந்தேகமா இருந்தா பழைய பயாஸை இப்பவே திருப்பிப் போட்டுத் தரேனுங்க” என்றேன். அசல் டம்ப் பென்டிரைவில் இருந்ததால்தான் அந்த வார்த்தையைச் சொல்ல முடிந்தது. டம்ப் இல்லாத போர்டு, அதுவும் நாள் முழுக்க ஓட வேண்டிய போர்டு என்றால் நான் கோர்பூட்டுக்குச் சம்மதிப்பதில்லை.

பல பெயர்களில் நம் கடைகளுக்கு வந்த மலிவு எச்61 போர்டுகள் கோர்பூட் பட்டியலில் இல்லை. அவற்றைச் சேர்க்க ‘ஆட்டோபோர்ட்’ என்ற கருவி இருக்கிறது. பழைய பயாஸோடு ஓடிக்கொண்டிருக்கும் போர்டில் லினக்ஸைப் போட்டு இயக்கினால், பாகங்களின் விவரங்களைப் படித்து அந்தப் போர்டுக்கான முதல் வரைவை எழுதித்தரும். மீதியைக் கையால் சரிசெய்து கோர்பூட் திட்டத்தின் மறுபார்வைக்கு அனுப்ப வேண்டும். ஆனால் போர்டு உயிரோடு இருக்கும்போதுதான் அந்த விவரங்கள் கிடைக்கும். பழைய சிஸ்டங்களைக் கிலோ கணக்கில் எடைக்குப் போடும் முன், ஓடும் நிலையில் ஒன்றை எடுத்து, பென்டிரைவ் லினக்ஸில் எழுப்பி, எல்எஸ்பிசிஐ, இன்டெல்டூல், சூப்பர்ஐஓடூல், ஏசிபிஐடம்ப் நான்கின் வெளியீட்டையும் அசல் பயாஸ் டம்ப்பையும் ஒரு ஃபோல்டரில் போட்டு, போர்டின் பெயரையும் ரிவிஷனையும் எழுதி வையுங்கள்.