கடற்கரை ஊரிலிருந்து இசைக்குழுவுக்கு: எந்தப் பயிற்சி யாருக்கு?

புதுவையின் வாகூர் கொம்யூனில் உள்ள பனித்திட்டிலிருந்து வெளியூர் போக வேண்டுமென்றால் கிருமாம்பாக்கத்துக்கு வந்து கடலூர் சாலையில் பஸ் பிடிக்க வேண்டும். வடக்கே போனால் அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம். தெற்கே போனால் கடலூரில் மாவட்ட அரசு இசைப் பள்ளி, அதையும் தாண்டினால் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். வடக்கே போய்க்கொண்டே இருந்தால் சென்னை. வயலினோ கீபோர்டோ டிரம்பெட்டோ வாசித்துப் பழகி, இதையே பிழைப்பாக்கிக்கொண்டால் என்ன என்று யோசிக்கும் பிள்ளைக்குத் திசை இரண்டுதான்; வழிகள் ஐந்தாறு.

எந்த வழியில் சேர்ப்பது என்று பேச்சு வரும்போது வீட்டில் முதலில் எழும் கேள்வி, "பீஸ் எவ்வளவு?" அடுத்தது, "சர்டிபிகேட் தருவாங்களா?" இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியவை வேறு இரண்டு. அங்கே படித்தவர்கள் இப்போது எங்கே வாசிக்கிறார்கள்? பத்துப் பேரோடு உட்கார்ந்து சேர்ந்து வாசிக்க அங்கே பழக்குகிறார்களா?

மேற்கு நாடுகளில் இந்த இரண்டு கேள்விகளுக்காகவே அமைக்கப்பட்டவை பயிற்சி ஆர்கெஸ்ட்ராக்கள். சிகாகோ சிம்ஃபனியின் நடத்துநர் ஃபிரெடரிக் ஸ்டாக் 1919-இல் சிவிக் ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கினார். ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய வாத்தியக்காரர்களையே அமெரிக்க இசைக்குழுக்கள் நம்பியிருந்த காலம் அது. உள்ளூரிலேயே ஆள் தயாராக வேண்டும் என்பது அவர் கணக்கு. பெர்லின் ஃபில்ஹார்மோனிக்குக்காக ஹெர்பர்ட் வான் கரயான் 1972-இல் ஒரு அகாடமி அமைத்தார்; அதில் பயின்ற பலர் இன்று அந்தக் குழுவிலேயே வாசிக்கிறார்கள். மயாமி பீச்சில் மைக்கேல் டில்சன் தாமஸ் 1987-இல் ஆரம்பித்த நியூ வேர்ல்ட் சிம்ஃபனியில், இசைக் கல்லூரி முடித்தவர்கள் மூன்று ஆண்டு உதவித்தொகையோடு பயில்கிறார்கள்.

இங்கெல்லாம் பாடம் நடத்துவதைவிட வேலை வாங்குவதே அதிகம். சில நாள் ஒத்திகையில் ஒரு பெரிய படைப்பு மேடை ஏறிவிட வேண்டும். முதலில் வாத்தியப் பிரிவு வாரியாக ஒத்திகை, பிறகு எல்லாரும் சேர்ந்து. அனுபவமுள்ள வாத்தியக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துவார். வேலைத் தேர்வுக்கும் ஒத்திகை உண்டு. திரைக்கு இந்தப் பக்கம் மாணவர், அந்தப் பக்கம் நடுவர்கள்; முகம் தெரியாது, பெயர் தெரியாது, வாசிப்பு மட்டும் கேட்கும். அந்தப் படபடப்பில் கை நடுங்காமல் வாசிப்பதும் அங்கே பாடத்திட்டத்தில் சேர்த்திதான்.

நம் நாட்டில் இந்த ஏணிக்குப் படிகள் குறைவு. முழுநேரச் சம்பளத்துக்கு வாசிக்கும் சிம்ஃபனி என்றால் மும்பையின் தேசிய நிகழ்கலை மையமான என்.சி.பி.ஏ. அரங்கில் 2006-இல் உருவான சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா ஒன்றுதான் கண்ணில் படுகிறது. அதிலும் பெரும்பாலான நாற்காலிகளில் வெளிநாட்டுக் கலைஞர்கள். அந்தக் குறையைத் தீர்க்கவே அதன் இசை அகாடமி 2012 முதல் சிறுவர்களைப் பழக்கி வருகிறது. ஆகவே, "ஆர்கெஸ்ட்ராவில் வேலை" என்ற கனவோடு ஒரு பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர், அந்த வேலை பெரும்பாலும் கடல் கடந்து கிடைப்பது என்பதைத் தெரிந்துகொண்டு சேர்ப்பது நல்லது.

தமிழ்நாட்டில் வயலின், செல்லோ, புல்லாங்குழல், டிரம்பெட் வாசிப்பவர்களுக்குக் கூட்டாகச் சோறு போட்டது சினிமாதான். அந்த வேலையின் தன்மையைப் பார்த்தால் எந்தப் பயிற்சி தேவை என்பது தானே விளங்கும். ரெக்கார்டிங் தியேட்டரில் தாள் கைக்கு வரும்போதுதான் பாட்டே தெரியும். நோட்ஸைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்க வேண்டும். காதில் ஹெட்போன், அதில் தாளம் காட்டும் கிளிக் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்து வயலின்காரரின் வில் மேலே போகும்போது தன் வில்லும் மேலே போக வேண்டும். ஒருவர் பிசகினால் எல்லாருக்கும் இன்னொரு டேக். சம்பளம் கால்ஷீட் கணக்கு. நோட்ஸ் படிக்கத் தெரியாத எத்தனையோ அபார வித்வான்கள் இந்த வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களைவிட ஞானம் குறைந்த, ஆனால் தாளைப் பார்த்து வாசிக்கத் தெரிந்தவர்கள் உள்ளே போனார்கள்.

இதிலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். 1990-களுக்குப் பிறகு கீபோர்டும் கம்ப்யூட்டரும் பல நாற்காலிகளைக் காலி செய்துவிட்டன. பெரிய தந்தி வாத்தியக் கூட்டம் தேவைப்பட்டால் வெளிநாட்டுக்கே போய்ப் பதிவு செய்வதும் உண்டு. இளையராஜாவின் 'திருவாசகம்' (2005) புடாபெஸ்ட் இசைக்குழுவோடு பதிவானது. 2025 மார்ச்சில் லண்டனில் அரங்கேறிய அவருடைய சிம்ஃபனியை வாசித்தது ராயல் ஃபில்ஹார்மோனிக். சினிமாவை மட்டும் நம்பி வாத்தியம் எடுப்பது இப்போது தைரியசாலிகளின் வேலை.

இந்தத் துறைக்கு நேரடியாகத் தயார் செய்யும் இடம் என்றால் ஏ.ஆர். ரஹ்மான் 2008-இல் சென்னையில் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி. மேற்கத்திய இசை, இந்துஸ்தானி, ஒலிப்பதிவுத் தொழில்நுட்பம் எல்லாம் ஒரே கூரைக்குள். லண்டன் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தோடும் அதற்குத் தொடர்பு இருந்திருக்கிறது. அதன் நிழலில் வளர்ந்ததுதான் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா: வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு வயலின், வயோலா, செல்லோ முதலியவற்றை இலவசமாகக் கற்றுக்கொடுத்துக் குழுவாக வாசிக்கவைக்கும் முயற்சி. ரஹ்மானின் திரைப்படப் பாடல்களில் வாத்தியக்காரர்கள் பட்டியலில் அந்தக் குழுவின் பெயர் வந்திருக்கிறது. படித்தவர்கள் எங்கே வாசிக்கிறார்கள் என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் தமிழ்நாட்டில் கிடைப்பது கஷ்டம்.

பனித்திட்டுக்கு இது எட்டுமா? கல்லூரிப் படிப்புக்குக் கட்டணம், அதோடு சென்னை வாடகை. கடலை நம்பிய குடும்பங்கள் இரண்டு முறை யோசிக்கும். இலவசக் குழுவிலோ சிறு வயதிலேயே சேர்ந்து, வாரம் தவறாமல் போய்ப் பழக வேண்டும். நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பள்ளிப் பிள்ளைக்கு அது நடக்கிற காரியமில்லை. சென்னையில் சித்தப்பாவோ அத்தையோ இருந்தால் கதை வேறு.

பக்கத்தில் இருப்பவற்றைப் பார்க்கலாம். வாகூருக்குக் கல்விச்சாலை ஒன்றும் புதிதில்லை. பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு, அங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களை எழுதிக்கொடுத்ததைச் சொல்கிறது. இன்று இசையில் பட்டம் வாங்க வேண்டுமென்றால் கொம்யூன் எல்லையைத் தாண்ட வேண்டும். அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடம் அரசு சார்ந்தது. நிகழ்கலையிலும் காண்கலையிலும் பட்டப்படிப்பு தருகிறது. தினம் வீட்டிலிருந்தே போய் வரலாம் என்பது சின்ன விஷயமல்ல. காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியைப் பெயரை மட்டும் பார்த்து இசைக்கான இடம் என்று எண்ணிவிட வேண்டாம். அங்கே பிரதானம் நாடகம்.

கடலூரில் இருப்பது தமிழ்நாடு அரசு நடத்தும் 17 மாவட்ட இசைப் பள்ளிகளில் ஒன்று. பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்தைந்து வரை சேரலாம். மூன்று ஆண்டுப் படிப்பு. கட்டணம் மிகக் குறைவு. குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியத்துக்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். நாதஸ்வரம், தவில், தேவாரத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். புதுவை முகவரி வைத்திருப்பவர்கள் விண்ணப்பத்துக்கு முன் பள்ளியிலேயே நேரில் கேட்டுவிட வேண்டும். உயர்படிப்புக்குச் சிதம்பரம் இருக்கிறது. அங்கே 1929-லேயே இசைக் கல்லூரி தொடங்கியாகிவிட்டது. தமிழிசை இயக்கத்துக்கே அந்த ஊர் ஒரு தாய்வீடு.

இந்தப் பள்ளிகளின் பலம் அடித்தளம். குறை, சேர்ந்து வாசிக்கும் பழக்கம். கர்நாடக வயலின் தரையில் உட்கார்ந்து வாசிப்பது. தந்திகளுக்குச் சுருதி ஸ, ப, ஸ, ப என்று. மேற்கத்திய வயலின் தாடையில் இடுக்கி வாசிப்பது; தந்திகள் ஐந்தாம் சுர இடைவெளியில். முன்னதில் கமகம் உயிர். பின்னதில் பதினாறு பேர் ஒரே சுரத்தை அசையாமல் நிறுத்த வேண்டும். ஒன்றில் தேர்ந்தவர் மற்றதற்கு மாறுவது மறுபடி ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்குவதுபோல்தான். இரண்டிலும் கைதேர்ந்து சென்னைத் தந்தி நால்வர் குழுவை நடத்திய வி.எஸ். நரசிம்மன் போன்றவர்கள் அபூர்வம். ஆகவே பத்து வயதில் வயலின் வாங்கிக் கொடுக்கும்போதே எந்த வயலின் என்று முடிவு செய்துவிட்டால் பிள்ளைக்கு நாலைந்து வருஷம் மிச்சமாகும்.

நாதஸ்வரமும் தவிலும் இந்தக் கணக்கில் சேராது. அவை பிறப்பிலேயே கூட்டு வாத்தியங்கள். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம் என்று ஒரு செட்டுக்குள் நின்று வாசித்துத்தான் பிள்ளை வளர்கிறது. கோயில், கல்யாணம், தீர்த்தவாரி என்று வேலையும் வருஷம் முழுக்க ஏதோ ஓரிடத்தில் இருக்கிறது. பயிற்சி ஆர்கெஸ்ட்ரா என்ற பேச்சே இல்லாமல் அந்த வேலையைச் செய்து வந்த ஏற்பாடு நம்மிடம் இருந்தது என்றால், அது இந்த மேளம்தான். பட்டதாரி ஆகவேண்டும் என்ற ஆசையில் பலர் இதை ஒதுக்குவது சரியான கணக்காகத் தெரியவில்லை.

பித்தளை வாத்தியமும் டிரம்மும் வாசிக்கும் பிள்ளைகளுக்கு, ஊர் பேண்டு செட்டுக்கு வெளியே, யாரும் சொல்லாத ஒரு கதவு உண்டு: சீருடை. ராணுவத்துக்குப் பச்மடியில் 1950 முதல் இராணுவ இசைப் பிரிவு இயங்குகிறது. கடற்படையின் இசைக்கலைஞர்களுக்கு மும்பை ஐ.என்.எஸ். குஞ்ஞாலியில் பயிற்சி. விமானப்படையின் அக்னிவீர்வாயு இசைக்கலைஞர் தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு போதும். ஸ்டாஃப் நொட்டேஷன் என்ற மேற்கத்திய சுரக்குறிப்புதான் வேண்டும் என்றில்லை, கர்நாடக சுரக்குறிப்பும் ஏற்கப்படுகிறது. கடலூர்ப் பள்ளியில் படித்தவருக்கு இது நேரடியாகப் பொருந்தும். அன்றாட ஒத்திகை, மாதச் சம்பளம், முழுநேர வாத்திய வேலை: சிவிக் ஆர்கெஸ்ட்ரா கொடுப்பதில் பாதிக்கு மேல் இங்கே கிடைக்கிறது. ஆனால் 2022-இல் வந்த அக்னிபத் திட்டப்படி சேவை நான்கு ஆண்டுதான். அதன்பின் நிரந்தரமாவது அதிகபட்சம் 25 சதவீதம் பேர். முதலாண்டு மாதம் 30,000 ரூபாய், அதில் கைக்கு வருவது 21,000. மணமாகாதவராக இருக்க வேண்டும். நான்கு ஆண்டு கழித்துத் திரும்பும்போது கையில் சேவா நிதி என்ற மொத்தத் தொகையும், நோட்ஸைப் பார்த்து வாசிக்கும் திறமையும் இருக்கும். இருபத்திரண்டு வயதில் அது மோசமான முதல் அல்ல.

பணத்துக்கு இரண்டு வாசல்கள். மத்திய அரசின் சி.சி.ஆர்.டி. நிறுவனம் பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கும், கலாசார அமைச்சகம் பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது இளைஞர்களுக்கும் உதவித்தொகை தருகின்றன. இரண்டாவது மாதம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு. பெரும்பாலான பெற்றோர் வயது கடந்த பிறகே இவற்றைப் பற்றிக் கேள்விப்படுகிறார்கள்.

சுருக்கமாகச் சொன்னால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கடலூர். மேல்நிலை முடித்து, வீட்டை விட முடியாதவருக்கு அரியாங்குப்பம். டிரம்பெட் வாசிக்கும் பதினேழு வயதுக்காரருக்குச் சீருடை. சினிமா ஆசையும் சென்னையில் தங்க இடமும் சேர்ந்திருப்பவருக்கு மட்டும் கே.எம். எதில் சேர்ந்தாலும், பக்கத்திலேயே ஸ்டாஃப் நொட்டேஷன் கற்று டிரினிட்டி இசைத் தேர்வுகளை எழுதி வருவது வீண்போகாது. சென்னை அண்ணா சாலை மியூசி மியூசிக்கல் போன்ற இடங்களில் விசாரிக்கலாம். சேர்க்கைக்கு முன் ஒருநாள் பெற்றோர் அங்கே போய், அலுவலகத்தில் உட்காராமல் ஒத்திகை நடக்கும் அறைக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்று கேட்டுப் பார்க்கட்டும். ஒவ்வொருவராக வாசிக்கும் சத்தம் மட்டுமே வந்தால், எப்போது எல்லாரும் சேர்ந்து வாசிப்பார்கள் என்று ஆசிரியரிடம் கேட்கலாம். ஆண்டு விழாவுக்குத்தான் என்று பதில் வந்தால், பிள்ளைக்கு அந்தப் பழக்கத்தை வெளியே எங்கே கொடுப்பது என்று அப்போதே தேடத் தொடங்க வேண்டும்.