எர்ரர் வந்தா யார் பிடிக்கிறது?

போன வருஷம் சிம்போசியம் ரெஜிஸ்ட்ரேஷனுக்கு எக்ஸ்பிரஸ்ல ஒரு சைட் செஞ்சோம். போன் நம்பரைக் காலியா விட்டு சப்மிட் அடிச்ச ஒருத்தருக்கு வந்த பதில், எங்க ஃபைல் பாத், லைன் நம்பர் எல்லாம் தெரியுற ஸ்டாக் ட்ரேஸ். ஸ்கிரீன்ஷாட் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்தப்போதான் எங்களுக்கே தெரியும்.

எக்ஸ்பிரஸ்ஸில் ஏற்கெனவே ஒரு எர்ரர் ஹேண்ட்லர் இருக்கு. நோட் என்வ் என்ற மாறியில் 'புரொடக்‌ஷன்' என்று வைக்காத வரை, அது ட்ரேஸை அப்படியே பிரவுசருக்கு அனுப்பிவிடும். அதை முதலில் வையுங்க. அப்புறம் சொந்த ஹேண்ட்லர் எழுதுங்க.

சாதாரண மிடில்வேர் ஃபங்ஷனுக்கு ரிக்வெஸ்ட், ரெஸ்பான்ஸ், நெக்ஸ்ட் என மூன்று பாராமீட்டர். எர்ரர் ஹேண்ட்லருக்கு நான்கு, முதலில் எர்ரர். எக்ஸ்பிரஸ் பெயரைப் பார்க்காது, எண்ணிக்கையைத்தான் பார்க்கும். நெக்ஸ்டைப் பயன்படுத்தலையேன்னு லின்ட்டர் திட்டும். அதைக் கேட்டு நீக்கினால் மூன்றாகிவிடும், எர்ரர் வந்தாலும் உங்க ஹேண்ட்லரை எக்ஸ்பிரஸ் கூப்பிடாது. நான் இதில் ஒரு ராத்திரியைத் தொலைச்சேன். பயன்படாட்டியும் விட்டுவையுங்க.

இதை எல்லா ரூட்டுக்கும் கீழே, கடைசியாகப் போடணும். 404 என்பது எக்ஸ்பிரஸ்ஸுக்கு எர்ரரே இல்லை, எந்த ரூட்டும் பொருந்தலைங்கறது மட்டும்தான். ஆகவே ரூட்டுகளுக்கும் எர்ரர் ஹேண்ட்லருக்கும் நடுவில் 404 அனுப்பும் ஒரு சாதாரண மிடில்வேர் வேணும்.

பெரிய ஆபத்து அசிங்க் ஃபங்ஷனில். எக்ஸ்பிரஸ் 4-ல் அவெய்ட் செய்த டேட்டாபேஸ் வேலை தோற்றால் உங்க ஹேண்ட்லருக்கு அந்தச் செய்தியே வராது. நோட் 15 முதல், யாரும் பிடிக்காத ரிஜெக்‌ஷன் பிராசஸையே நிறுத்திவிடும். ஒருத்தர் செய்த தப்புக்கு எல்லாருக்கும் சைட் படுத்துரும். ட்ரை–கேட்ச் போட்டு, பிடித்த எர்ரரை நெக்ஸ்டிடம் கொடுங்க. 2024-ல் வந்த எக்ஸ்பிரஸ் 5 இதைத் தானே செய்கிறது. உங்க பேக்கேஜ் ஃபைலில் எந்த வெர்ஷன்னு பாத்துக்கோங்க.

ஹேண்ட்லருக்குள்ளே முழு விவரத்தை லாகில் எழுதுங்க, பயனருக்கு இரண்டு வரி போதும். காலி போன் நம்பர் அவர் தப்பு, 400. டேட்டாபேஸ் விழுந்தது நம்ம தப்பு, 500. பதில் ஏற்கெனவே கிளம்பியிருந்தால் மறுபடி அனுப்ப முயலாமல் எர்ரரை நெக்ஸ்டுக்குத் தள்ளுங்க, எக்ஸ்பிரஸ் கனெக்‌ஷனை மூடிக்கும்.

டெஸ்ட் பண்ண, வேணும்னே எர்ரர் வீசுற ஒரு ரூட் எழுதுங்க. சைட்டை வெளியிடும் முன் அதை அழிக்க மறக்காதீங்க, நாங்க மறந்தோம்.