கண் கூர்மையுறக் கத்தி சிறுத்த வரலாறு

திருவள்ளூர்ப் பெருமாளை மக்கள் வைத்திய வீரராகவர் என வழங்குதல் யாவரும் அறிந்ததே. அவ்வூரை அடுத்த மணவாள நகர் முதலாக, வடகிழக்கே கும்மிடிப்பூண்டி ஈறாக, உலைக்கும் இயந்திரத்திற்கும் எதிரே நின்று உழைப்போர் மிகப் பலர். உடல்நீர் வேர்வையாய்க் கழிய, பருகும் நீரும் குறையுமாயின், சிறுநீர் செறிவுற்று, அதன்கண் உள்ள உப்புக்கள் திரண்டு கல்லாகும். இந்நோயையே நம் முன்னோர் கல்லடைப்பு என்றனர். தமிழ் பயிலும் எமக்கு மருத்துவம் வேற்றுத் துறையே. எனினும், அயலார் துன்பம் எத்துறையினர்க்கும் உரியதாதலின், இக்கல்லை அகற்றும் முறைகள் வளர்ந்த வரலாற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

சுசுருதர் சிறுநீர்ப்பைக் கல்லை அறுத்தெடுக்கும் வகையைத் தம் நூலில் விரித்துரைத்தனர். ஆயினும் பிற வழியில்லாதபோதே, அதுவும் அரசனது இசைவு பெற்றே, அதனைச் செய்ய வேண்டுமென விதித்தனர். அத்துணை அச்சத்திற்குக் காரணம் யாது? கல் இருக்குமிடம் கண்ணுக்குப் புலப்படாமையே அதன் ஒரு காரணம் எனலாம். 1824ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துச் சிவியால் என்பார், உடலை அறுக்காது, சிறுநீர் வழியே கருவியைச் செலுத்திக் கல்லை நொறுக்கினார். அவரும் கைத்தடவலால் உணர்ந்தே செய்தனர்; சிறுநீரகத்துக் கல் அவர் கருவிக்கு எட்டாததாயிற்று.

1895ஆம் ஆண்டில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டனர். மறு ஆண்டிலேயே கிளாஸ்கோ நகரில் மக்கின்டயர் என்னும் மருத்துவர் சிறுநீரகக் கல்லைப் படம் பிடித்தனர். திருவள்ளூரில் ரயிலேறுவோர் சென்றிறங்கும் சென்னை சென்ட்ரல் நிலையத்திற்கு எதிரேயுள்ள அரசினர் பொது மருத்துவமனையில், 1934ஆம் ஆண்டில் பர்னார்டு கதிரியல் நிலையம் தோன்றியது. 1971இல் இங்கிலாந்தில் முதன்முதலாக நோயாளி ஒருவர்க்குச் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பெற்றது.

இங்ஙனம் கண் கூர்மையுறவே கத்தி சிறுத்தது. 1976இல் சுவீடன் நாட்டு மருத்துவர், முதுகுப்புறத்தே சிறு துளையிட்டுப் படத்தின் துணையால் சிறுநீரகத்தை அடைந்து கல்லை எடுத்தனர். 1980இல் மூனிச் நகரில், உடலுக்கு வெளியே எழுப்பிய அதிர்வலையைக் கல்லின்மேற் குவித்து, அதனைப் பொடியாக்கினர். அங்கே கத்திக்கு வேலையே இல்லை. இன்றோ, மெல்லிய குழாய்நோக்கியைச் சிறுநீர் வழியே செலுத்தி, லேசர் ஒளியாற் கல்லை உடைக்கின்றனர். பெருங்கற்களுக்கு, சிறப்பாக 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்டனவற்றிற்கு, முதுகுத் துளை முறையையே பெரும்பாலும் மேற்கொள்கின்றனர். மிகச் சிறியன பல தாமாகவே வெளியேறும்.

எனினும், எல்லாப் படமும் எல்லாவற்றையும் காட்டா. யூரிக் அமிலக் கல் சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தில் மறைந்து நிற்கும். அல்ட்ராசவுண்ட் கதிர்வீச்சற்றதாதலின் கருவுற்ற மகளிர்க்கு ஏற்றது. ஆயினும் சிறுநீர்க் குழாயிலுள்ள கல்லை அது காணத் தவறுதலும் உண்டு. சி.டி. ஸ்கேன் ஏறக்குறைய எல்லாக் கற்களையும் காட்டும். ஆனால் கதிர்வீச்சு உண்டு, வேண்டாதபோது எடுத்தல் தகாது. ஆகவே, எப்படம் எப்போது வேண்டும் எனத் தெளிதலே மருத்துவன் அறிவாம்.

நிற்க. கத்தி சிறுத்த பின்னரும், அதற்கு அஞ்சி நாள் கடத்துவோர் உளர். வலி நின்றமையாற் கல் நீங்கிற்று என்று கொள்வது பெரும்பிழை. அடைப்பு நீடிக்குமாயின், வலியின்றியே சிறுநீரகம் கெடுதல் கூடும். அடைப்போடு காய்ச்சலும் குளிரும் தோன்றினால், அன்றே மருத்துவமனை புகுதல் வேண்டும். 2022ஆம் ஆண்டில் திருவள்ளூரிலேயே அரசினர் மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றமை இப்பகுதியார்க்கு நற்பேறாகும்.

கல் மீண்டும் வாராதிருக்க, நாள் ஒன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியுமளவு நீர் பருகுக என்பர் மருத்துவர். பிற நோயால் நீரைக் குறைக்கப் பணிக்கப்பெற்றோர்க்கு இது பொருந்தாது. பருகுவதற்கு நீரும், கழிப்பதற்கு இடமும், இரண்டிற்கும் ஓய்வும் இல்லாத தொழிலாளிக்கு இவ்வுரையாற் பயன் யாது? கழிப்பிடமின்மையால் நீர் பருகாது நாள் முழுதும் நிற்கும் மகளிர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே குடிநீரும் கழிப்பிடமும் வேண்டுமென்று விதித்தது. தோன்றிய கல்லை அகற்றுதல் மருத்துவர் கடன்; அது தோன்றாமற் காத்தல், வேலை வாங்குவோர் அனைவர்க்கும் கடனாம் என்பதே எம் துணிபு.