முட்டி வலிக்காரருக்கு எந்தக் கணக்கு?

காலையில் சென்னை நாகேஸ்வர ராவ் பார்க்கில் நடப்பவர்களில் பலரின் இலக்கு பத்தாயிரம் அடி. அந்த எண்ணை எந்த டாக்டரும் சீட்டில் எழுதித் தரவில்லை. 1965இல் ஜப்பானில் ஒரு நடைமானிக்கு வைத்த விற்பனைப் பெயரிலிருந்து வந்தது. மூட்டுத் தேய்மானத்தோடு கைத்தடி ஊன்றி நடப்பவர் அதை மறந்துவிடலாம்.

சரி, பிள்ளைகள் வாங்கித் தரும் ஸ்மார்ட்வாட்ச்? பெரும்பாலும் கை வீச்சை வைத்துத்தான் அது அடிகளை எண்ணுகிறது. வாக்கரைப் பிடித்த கை வீசாது. காலை இழுத்து இழுத்து நடந்தாலும் பல அடிகள் விட்டுப்போகும். பாண்டி பஜார் நடைபாதையில் அரை மணி நடந்துவிட்டு வந்தவருக்கு, குறைத்துக் காட்டும் வாட்ச் மனச்சோர்வைத்தான் தரும். வாங்கும் முன், வழக்கமாக நடக்கிற மாதிரியே ஐம்பது அடி எண்ணி நடந்து பாருங்கள். பத்துக்கு மேல் தவறினால் வேண்டாம். இடுப்பில் செருகும் நடைமானியும் மெதுநடையில் தடுமாறும். அடிகளை எண்ணும் போனோ, பல வீடுகளில் ஃபிரிட்ஜ் மேல் கிடக்கும்.

செய்த வேலைகளைக் கேட்டு எழுதுவது இன்னொரு வழி. 65 வயது தாண்டியவர்களுக்காக அமெரிக்காவில் உருவாகி 1993இல் வெளியான ‘பேஸ்’ வினாத்தாள், கடந்த ஏழு நாளில் செய்ததைக் கேட்கிறது. முழங்கால் வலியுள்ள முதியோரிடமும் அதைச் சோதித்திருக்கிறார்கள். வீட்டு வேலையையும் கணக்கில் சேர்ப்பது அதன் பெரிய பலம். ஆனால் புல்வெளி பராமரித்தீர்களா என்றும் கேட்கும்; மயிலாப்பூர் ஃபிளாட்டில் புல்வெளிக்கு எங்கே போவது? வாசல் கோலம், மொட்டைமாடியில் துணி உலர்த்தியது, கபாலி கோயில் பிரகாரம் என்று நாமே மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஞாபகமும் காலை வாரும். மூன்று வேளை சமைத்த மாமி, “சும்மாதானே இருந்தேன்” என்பார்.

அதனால் என் ஓட்டு தினசரி காலண்டர் தாளுக்கு. கிழித்த தாளின் பின்பக்கம் என்ன வேலை, எத்தனை நிமிடம், ராத்திரி வலி பத்துக்கு எவ்வளவு என்று மூன்றே வரி. வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். முடியாதவர்கள் முடிந்தவரை செய்யலாம் என்றும் அதுவே சொல்கிறது.

முப்பது வினாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்பதையும் மாதம் ஒருமுறை குறிக்கலாம், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும். அது காட்டுவது காலின் தெம்பை. அன்றாட உழைப்பை அல்ல.

கைத்தடி இல்லாமல் கை வீசி நடப்பவருக்கு வாட்ச் போதும். மற்றவர்கள் பிசியோதெரபிஸ்டிடம் நாலு வாரத் தாள்களைக் கொண்டுபோங்கள். வியாழக்கிழமை சாய்பாபா கோயில் வரிசையில் நின்றால் வெள்ளிக்கிழமை முட்டி வீங்குகிறது என்பதை எந்த வாட்சும் அவரிடம் சொல்லாது.