போஸ்டருக்குப் பின்னால் ஒரு பட்டறை



நம் விடுதியில் சினிமாவைப் பற்றிப் பேசாத இரவு கிடையாது. பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து முடியும். "எல்லாம் லக்குடா மச்சி! அவங்களுக்கு முகராசி, நமக்கு அரியர் ராசி" என்று யாராவது சொல்வார்கள். எல்லோரும் சிரித்துவிட்டுப் படுத்துவிடுவோம். நானும் சிரித்தவன்தான். ஆனால் அது உண்மைதானா என்று பார்த்துவிட வேண்டும் என்று ஒரு ஆசை. நடிகர்களின் வாழ்க்கையைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கும் சினிமாவுக்கும் ஒரு சொந்தம் உண்டு. என் அப்பா போஸ்டர் ஒட்டும் தொழிலாளி. சைக்கிள், ஏணி, மைதா பசை வாளி, இவைதான் அவருடைய சொத்து. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முகத்தை வைத்துத்தான் எது மேல் ஷீட், எது கீழ் ஷீட் என்று கண்டுபிடிப்பார். நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு படத்துக்கு முகமே இல்லாமல் வெறும் எழுத்தாக ஒரு ஷீட் வந்தது. அப்பா அதைத் தலைகீழாக ஒட்டிவிட்டார். மறுநாள் தியேட்டரில் எல்லோர் முன்னாலும் வைத்துத் திட்டினார்கள். அன்று இரவிலிருந்து என்னையும் கூட அழைத்துப் போனார். நான் டார்ச் அடித்து எழுத்தைப் படித்துச் சொல்வேன், அவர் ஒட்டுவார். "நீயாவது படிச்சிருடா தம்பி" என்று அவர் சொன்னது அந்த ஏணியின் மேல் நின்றுதான்.

நாடகக் கம்பெனி என்னும் பட்டறை

நம் பழைய நடிகர்களில் பலர் 'பாய்ஸ் கம்பெனி'யில் வளர்ந்தவர்கள். தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1918 இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு ஒரு நாடக சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் பயின்றவர்கள்தான். இப்படிப்பட்ட கம்பெனிகளில் சேரும் பையன்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் அங்கேயே. பாட்டு, வசனம், கத்திச் சண்டை எல்லாம் வாத்தியாரிடம் கற்க வேண்டும். இன்று ராஜா வேஷம் என்றால் நாளை பெண் வேஷம். மகரக்கட்டு வந்து குரல் உடைந்துவிட்டால் அதுவரை போட்ட வேஷம் கையை விட்டுப் போய்விடும். வேறு வேஷம் கற்றால்தான் பிழைப்பு.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஃபிட்டிங் ஷாப் ஞாபகம்தான் வந்தது. முதல் வருஷம் ஒரு இரும்புத் தகட்டைக் கொடுத்து ராவச் சொன்னார்களே! கை கொப்பளிக்க ராவினோம். ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, "இன்னும் ராவு" என்றார்கள். அந்தத் தகடு யாருக்கும் பயன்படப் போவதில்லை. பயன்படப் போவது நம் கைதான்.

நடிகர் திலகம் சிவாஜி கணேசன் சிறுவனாக நாடகக் கம்பெனியில் சேர்ந்து பெண் வேஷம் உட்படப் பல வேஷங்கள் கட்டியவர். அறிஞர் அண்ணா எழுதிய நாடகத்தில் மராட்டிய மன்னர் சிவாஜியாக நடித்ததைப் பார்த்த தந்தை பெரியார்தான் அவரை 'சிவாஜி' என்று அழைத்தார். 1952 தீபாவளிக்கு 'பராசக்தி' வந்தபோது அவருக்கு வயது 24. "ஒரே படத்தில் உச்சிக்குப் போனார்" என்கிறோம். அந்த ஒரே படத்துக்குப் பின்னால் பத்து வருஷத்துக்கு மேல் மேடைப் பயிற்சி இருந்ததை நாம் எண்ணுவதில்லை. 1960 இல் கெய்ரோ திரைப்பட விழாவில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்காகச் சிறந்த நடிகர் விருது பெற்றவரும் அதே கம்பெனிப் பையன்தான்!

மக்கள் திலகம் எம்.ஜி.ஆர். கதை இன்னும் கடினம். இலங்கையில் கண்டிக்கு அருகே நாவலப்பிட்டியில் 1917 இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, வறுமையால் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். 1936 இல் 'சதி லீலாவதி'யில் சிறிய வேடம். கதாநாயகன் ஆனது 1947 இல் 'ராஜகுமாரி'யில். நடுவில் பதினோரு வருஷம்! நமக்கு ஒரு பேப்பர் பதினோரு மாதம் நின்றாலே உலகம் இருண்டுவிடுகிறது.

முகராசி இல்லாதவர்கள்

"முகம் இருந்தாத்தான் சினிமா" என்பவர்களுக்கு நாகேஷே பதில். தாராபுரத்துக்காரர். அம்மை நோய் முகத்தில் தழும்பு போட்டுவிட்டுப் போனது. ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே நாடகத்தில் நடித்தார். அந்த முகத்தோடுதான் 1964 இல் 'சர்வர் சுந்தரம்' படத்தின் நாயகன் ஆனார். 1965 இல் 'திருவிளையாடல்' தருமியாக வந்து நின்றார். தேசிய விருது அவருக்குக் கிடைத்தது 'நம்மவர்' (1994) படத்துக்காக. அதாவது சர்வர் சுந்தரத்துக்கு முப்பது வருஷம் கழித்து. அதுவரை அவர் வேலையை நிறுத்தவில்லை.

ஆச்சி மனோரமா ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். மேடையில் பாடி நடித்து 'பள்ளத்தூர் பாப்பா' என்று பெயர் வாங்கியவர். 1958 இல் கவிஞர் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில் நகைச்சுவை வேடம் கொடுத்தார்கள். கதாநாயகி ஆகும் கனவோடு இருந்தவர் "இதுதானா?" என்று ஒதுங்கவில்லை. கிடைத்ததை வாங்கித் தன்னுடையதாக்கிக் கொண்டார். ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்து கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றார். போஸ்டரில் அவர் முகம் பெரும்பாலும் ஓரத்தில்தான் இருந்திருக்கும். ஆனால் நடுவில் இருந்த எத்தனையோ முகங்களை விட அதிக காலம் நிலைத்தது அந்த ஓரத்து முகம்.

ஒரே வழக்கு, இரண்டு வாழ்க்கை

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். உழைத்தவர் எல்லோரும் கடைசிவரை மேலேயே இருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை.

1944 தீபாவளிக்கு எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' வெளியானது. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம். ஆனால் படம் ஓடும்போதே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகிச் சிறை சென்றார்கள். சுவரில் போஸ்டர், அதில் இருப்பவர் சிறையில்! 1947 இல் லண்டன் பிரிவி கவுன்சில் மறுபடி விசாரிக்கச் சொல்லி, உயர்நீதிமன்றம் இருவரையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது.

வெளியே வந்தபோது காலம் மாறிக்கொண்டிருந்தது. பாட்டுக்காக ஓடிய படங்கள் போய், வசனத்துக்காக ஓடும் படங்கள் வரத் தொடங்கின. கலைவாணர் அந்தக் காலத்தோடு சேர்ந்து நடந்தார். 1949 இல் 'நல்லதம்பி', 1951 இல் 'மணமகள்' என்று நடிப்பு, தயாரிப்பு, இயக்கம் மூன்றிலும் கை வைத்தார். பாகவதருக்குக் குரல் அப்படியே இருந்தது. ஆனால் 'ராஜமுக்தி' (1948) முதலாக வந்த படங்கள் பழைய வெற்றியைத் தரவில்லை. 1959 இல் காலமானார். அவர் திறமையில் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நமக்குப் பாடம் ஒன்றுதான்: ஒரு தொழிலை நன்றாகக் கற்றால் மட்டும் போதாது, காலம் மாறும்போது மறுபடி கற்கத் தயாராகவும் இருக்க வேண்டும். லேத் படித்தோம் என்று இருந்தால் சி.என்.சி. வந்து நிற்கிறது அல்லவா?

சின்னத்திரையும் இதையே காட்டுகிறது. சென்னைத் தொலைக்காட்சி 1975 இல் தொடங்கியது, தனியார் சானல்கள் 1993 முதல் வந்தன. 1978 இல் 'கிழக்கே போகும் ரயில்' மூலம் அறிமுகமான ராதிகா, 1999 இல் 'சித்தி' தொடரைத் தயாரித்து நடித்து வீட்டுக்கு வீடு தெரிந்தவரானார். டிவிக்குப் போவது கீழே இறங்குவது என்று நினைத்திருந்தால் அது நடந்திருக்குமா?

எனக்குக் கிடைத்த பாடம்

கடைசியாக என் கதை. தமிழ் மீடியத்தில் படித்து வந்தவன் நான். முதல் செமஸ்டரில் மூன்று அரியர். கணக்கு தெரியாமல் இல்லை, கேள்வியே புரியவில்லை. வீட்டில் சொல்லவில்லை. படிப்பை விட்டுவிட்டு அப்பாவுக்கு ஏணி பிடிக்கப் போய்விடலாம் என்று பெட்டியைக்கூடக் கட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் ரஜினிகாந்தைப் பற்றிப் படித்தேன். பெங்களூரில் பஸ் கண்டக்டர். தாய்மொழி மராத்தி, வளர்ந்தது கன்னடத்தில். 1973 இல் சென்னை வந்து நடிப்புப் பள்ளியில் சேர்ந்தார். இயக்குநர் கே. பாலசந்தர் தமிழ் கற்றுக்கொள்ளச் சொன்னார், கற்றார். 1975 இல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். தெரியாத பாஷையில் ஒருவர் வசனம் பேசி ஜெயிக்க முடியும் என்றால், தெரியாத பாஷையில் நான் ஒரு பரீட்சை எழுத முடியாதா?

பெட்டியைப் பிரித்தேன். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை என்று நோட்டுப் போட்டேன். ஷியர், டார்க், டாலரன்ஸ் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் தமிழில் அர்த்தம். அரியரில் இரண்டு போய்விட்டது. ஒன்று இன்னும் பாக்கி. வருகிற ஏப்ரலில் மறுபடி எழுதுகிறேன்.

லக் என்பதே கிடையாது என்று சொல்ல மாட்டேன். கோடம்பாக்கம் போய்ப் பெயர் தெரியாமலே திரும்பியவர்கள் ஏராளம், அவர்களும் உழைத்தவர்கள்தான். ஆனால் லக் வந்து கதவைத் தட்டும்போது, கையில் தொழில் இல்லாதவனால் அதை உட்கார வைக்க முடியாது.

போன லீவில் அரியர் விஷயத்தை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். பசை வாளியைக் கலக்கிக்கொண்டே, "ஒண்ணுதான பாக்கி? கிழிஞ்ச போஸ்டருக்கு மேல புதுசு ஒட்டுறதில்லையா? எழுதுடா" என்றார்.

எழுதுவோம் நண்பர்களே! வெற்றி நமதே!

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு